பஞ்சும் நெருப்பும் ஒரு கேடயமும்

கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக் கல்லூரிக்குப் போய்த் தத்துவம் நடத்துவது என் பிழைப்பு. இஸ்லாமியத் தத்துவம் என்றொரு விருப்பப் பாடத்தை மல்லுக்கட்டி வாங்கி வைத்திருந்தேன். இந்த ஆண்டு அதைத் தூக்கிவிடலாம் என்றார் துறைத் தலைவர். அது மதமாம், அரபுத் துறைக்குப் போக வேண்டியதாம். ஏதென்ஸில் யோசித்தால் தத்துவம், பாக்தாத்தில் யோசித்தால் மதம். பற்றிக்கொண்டு வந்தது. பாடத்திட்டக் குழு கூடும்வரை பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதே வாரம் பிறந்த ஊரான ஜெகதாப்பட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜமாஅத் இளைஞர்கள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுகிறார்கள், நான் பேச வேண்டும். செயலாளர் என்னைவிட இளையவர், போனில் தெளிவாகவே சொன்னார்.

"ராத்தா, இன்னக்கி விஞ்ஞானி கண்டுபிடிக்கிறதெல்லாம் நம்ம வேதத்துல முன்னாலயே இருக்குன்னு பேசுங்க. சனம் அதத்தான் கேக்க வரும்."

அப்படிப் பேச மாட்டேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார்.

பஞ்சையும் நெருப்பையும் பற்றிப் பேசினேன். நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகிறது. எரிப்பது நெருப்பா, இறைவனா? இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் பார்க்கிறோம், நெருப்பு எரிப்பதை யாரும் பார்த்ததில்லை என்று தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன் பாக்தாத்தில் எழுதினார் ஒருவர். காரணத்தை மறுத்தால் அறிவே மிஞ்சாது என்று பதில் நூல் எழுதினார் பின்னால் வந்தவர். இரண்டு பேரும் தொழுகையை விடாதவர்கள். அந்தத் துணிச்சலை விட்டுவிட்டு, எவரோ ஆய்வுக்கூடத்தில் கண்டதற்கெல்லாம் பின்னாலேயே ஓடி எங்களுடையது என்று ஏன் சொந்தம் கொண்டாடுகிறோம் என்று கேட்டேன். பெண்கள் பக்கம் மட்டும் கொஞ்சம் கைதட்டல் கேட்டது.

கேடயம் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் அதில் பொறித்திருந்ததைப் படித்தேன். 'அறிவியலை அன்றே சொன்ன இஸ்லாம்' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்றியமைக்காக. உடனே செயலாளரை அழைத்தேன். முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தாயிற்று, பேச்சு நன்றாகத்தானே இருந்தது என்றார். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

குழு கூடிய அன்று நான் வாயைத் திறப்பதற்குள் துறைத் தலைவர் தன் போனை நீட்டினார். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய அதே போட்டோ. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிறேன்.

"இது மதம்னு நான் சொன்னப்ப கோவிச்சுக்கிட்டீங்க மேடம். என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க."

படித்தேன். பாடம் போயிற்று. அந்த மேடையில் நான் என்ன பேசினேன் என்று மட்டும் அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.