மனுவில் எழுதிய லாகிரி

நெல் அரைக்கும் மிஷின் ஒன்று, பம்புசெட் இரண்டு, தளம் போட்ட வீடு, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நனையாமல் இருக்க ஊர் எல்லையில் ஒரு கொட்டகை, வாய்க்கால் மேல் லாரி போகிற அளவுக்கு ஒரு பாலம். இவ்வளவும் நான் உண்டாக்கியது. பாலத்தில் வைத்த கல்லில் யார் யார் பெயரோ இருக்கிறது, என் பெயர் இல்லை. அது போகட்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரண்டு பெண்களை டீச்சராக்கினேன். ஆறு மா குத்தகை நிலம் எங்கள் கையில் நிலைத்ததால்தான் இத்தனையும் நடந்தது. அந்த நிலம் நிலைத்தது, ஒரு வார்த்தையை நான் விடாமல் துரத்திக்கொண்டு போனதால். லாகிரி என்பது அந்த வார்த்தை.

இப்போது ஊர் வரலாறு என்று ஒரு புத்தகம் அச்சுக்குப் போகிறது. எங்கள் நிலத்து விசாரணைக்கு அதில் நான்கு வரி. பெரிய மகள் படித்துக் காட்டினாள். விவசாயிகள் சங்கத்துத் தோழர் எங்களுக்காக வாதாடினாராம். அதிகாரி கருணை காட்டினாராம். என் அப்பா போதைப் பழக்கமே அறியாத உத்தமராம். மூன்றும் பொய். கேட்ட நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்துபோய்க் கை கழுவுகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். அதனால்தான் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் மகள் திருத்துவாள். விஷயத்தில் அவள் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது நான் பண்ணையார் வீட்டில் வில்வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அதே பண்ணையாரின் ஆறு மாவை, அதாவது சுமார் இரண்டு ஏக்கரை, வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதுவந்தார். கழக ஆட்சி வந்த பிறகு, சீட்டு இல்லாமல் உழுகிறவனும் தாலுகா கச்சேரியில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் செங்கொடி, அறுவடைக் கூலித் தகராறு, கப்பி ரோட்டில் போலீஸ் வேன். பண்ணைகள் பயந்துபோயிருந்தன. அப்பா பெயரைப் பதியச் சொல்லி நான்தான் மனுப் போட்டேன். அன்றைக்கே என் வண்டி வேலை போயிற்று.

பதிலுக்குப் பண்ணையாரும் மனுப் போட்டார். அதன் நகல் எங்களுக்கு வந்தது. தபால்காரர் வாசலில் நின்று படித்தார். ‘மேற்படி ஆசாமி லாகிரி வஸ்துகளுக்கு அடிமையானவர், உடலுழைப்புக்கு லாயக்கற்றவர், தயவின் பேரில் நிலத்தில் இருக்க விடப்பட்டவர்.’ சொந்த உடம்பால் பாடுபடுகிறவன்தான் சட்டப்படி குத்தகைதாரன். பாடுபடவே முடியாதவன் என்று காட்டிவிட்டால் நிலம் போய்விடும்.

லாகிரி என்றால் என்ன என்று கேட்டேன். தபால்காரருக்குத் தெரியவில்லை. வாத்தியார், ஏதோ கெட்ட பழக்கம் என்றார். எனக்குப் போதவில்லை. மனுவை மடித்து மடியில் செருகிக்கொண்டு, இரவல் சைக்கிளில் கூத்தாநல்லூர் போனேன். பண்ணை வீட்டுக்குத் துணி எடுக்கப் போகும்போது பழக்கமான ஜவுளிக்கடை பாய் ஒருவர் அங்கே இருந்தார்.

“கச்சேரிப் பேச்சு தம்பி அது. வீட்டுல யாரும் பேசமாட்டாங்க. மயக்கம் குடுக்கிற சாமான் எல்லாம் அதுல அடக்கம்.”

“கஞ்சாவா பாய்?”

“கஞ்சாவுந்தான், அபினுந்தான். ஏன், உனக்கு எது வேணும்?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். அபினுந்தான் என்று அவர் சொன்னது வழியெல்லாம் கூடவே வந்தது.

என் அப்பா கஞ்சா பிடிப்பார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏர் அவிழ்த்த பிறகு களத்து மேட்டில் உட்கார்ந்து சிலும்பியில் நாலு இழுப்பு, விடிகாலையில் இரண்டு. எங்கள் தெருவில் அதற்குப் புகை என்று பெயர். பண்ணையார் மிளகளவு அபின் உருண்டையைப் பாலோடு விழுங்குவார். அந்த வெள்ளி டப்பாவை வண்டியில் பத்திரமாகக் கொண்டுவந்தவன் நான். அந்த வீட்டில் அதற்கு மருந்து என்று பெயர். “ஐயா மருந்து சாப்பிட்டிருக்காங்க, அப்புறம் வா” என்று அவருடைய பண்ணை நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் எங்களை எத்தனை தடவை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார். பண்ணையார் விழுங்குவதை யாரும் லாகிரி என்று எழுதவில்லை. அந்த வார்த்தையை எங்களுக்கென்று வைத்திருந்தார்கள்.

விசாரணை நாளில் நான் ஒரு தப்புச் செய்தேன். அப்பா தெளிவாகத் தெரியவேண்டும் என்று, முதல் நாள் மாலையே சிலும்பியையும் பொட்டலத்தையும் தவிட்டுப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். காலையில் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் நாலு தடவை இடம் மாறி உட்கார்ந்தார். கச்சேரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உள்ளே கூப்பிட்டபோது நெற்றியெல்லாம் வேர்வை, விரல்கள் நடுங்கின. எங்களுக்காகப் பேச வருவதாகச் சொன்ன சங்கத்துத் தோழர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். அவர் வரவே இல்லை. பண்ணையாரும் வரவில்லை, காரியக்காரரை அனுப்பியிருந்தார்.

காரியக்காரர் அப்பாவைக் காட்டினார். “நீங்களே பாருங்க சார். நிக்கவே முடியல. ஏரு பிடிக்கிற கையா இது? காலையிலேயே போட்டுட்டு வந்திருக்கான்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். நான் செய்த காரியத்தாலேயே நிலம் போகப் போகிறது.

“போட்டுட்டு வரலீங்க சார்” என்றேன். “போடாததாலதான் இப்படி. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீதானாடா அது? வீடு பூரா தேடினேனேடா.”

ஓரத்தில் இருந்த குமாஸ்தா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அப்ப பழக்கம் உண்டுன்னு ஒத்துக்கிறீங்க” என்றார் அதிகாரி.

“உண்டுங்க. ஒண்ணு கேக்கலாங்களா? லாகிரியில அபினும் சேத்திதானே?”

“சேத்திதான்.”

“பண்ணை வீட்டுல அதை மருந்துங்கிறாங்க. டப்பா வாங்கியாந்தது இந்தக் கைதான். அதைச் சாப்பிட்டுட்டு நிலத்துக்குச் சொந்தக்காரரா இருக்கலாம்னா, இதைப் பிடிச்சுட்டு அந்த நிலத்தை உழுவக்கூடாதுங்களா?”

“டேய், வண்டிக்காரப் பயலே, நாக்கை அடக்கு” என்றார் காரியக்காரர்.

“வண்டிய நீங்க பிடுங்கிட்டீங்களே. இப்ப வெறும் பயதாங்க.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார். “நாளைக்கு நிலத்துக்கு வர்றேன். இவர் ஏர் ஓட்டிக் காட்டட்டும்.”

மறுநாள் காலை வரப்பு முழுக்க ஜனம். காரியக்காரர் குடை பிடித்து நின்றார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினார். அப்பா சேற்றில் இறங்கி மாட்டை அதட்டினார். முதல் உழவுச் சாலிலேயே எனக்கு மூச்சு வந்தது. கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. நாலு சுற்று முடிந்ததும் அதிகாரி கேட்டார், “பள்ளம் எந்தப் பக்கம்?” அப்பா குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ஈசானி மூலைங்க. அங்க நாத்து அழுகும், மேட்டு மண்ணு வெட்டிப் போடணும்.” அப்பா கால் கழுவி வரப்பேறியதும், அதிகாரி அவருடைய கால் விரல்களுக்கு நடுவில் இருந்த சேற்றுப் புண்ணைப் பார்த்தார். பிறகு பண்ணையாரின் மனுவில் ஒரு வரியின் மேல் கோடு கிழித்தார். நான் பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். லாகிரி அதற்குள் இருந்தது. அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியது.

பெயர் ஏறுவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று விடிகாலை சிலும்பியையும் பொட்டலத்தையும் தவிட்டுப் பானையிலிருந்து எடுத்து நானே கொடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அவர் ஏரைத் தொட்டார். அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்தப் புகைதான் அவர் நெஞ்சை அரித்தது. இருமி இருமியே போனார். நான் அதைத் தொட்டதில்லை, தொடு என்று யாருக்கும் சொல்லவும் மாட்டேன். இன்றைக்குப் பஸ் கொட்டகையில் பையன்கள் பொட்டலம் என்கிறார்கள், போலீஸ்காரர் போதைப்பொருள் என்கிறார். வசதியான வீட்டுப் பையன் பிடிபட்டால் அவனுக்கு மனசு சரியில்லை என்கிறார்கள். எந்த வார்த்தை காதில் விழுந்தாலும், யார் வீட்டுப் பையன் என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்க்கிறேன்.

புத்தகம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நான்கு வரியை எடுத்துவிடுங்கள். தோழர் நல்லவர், ஆனால் அன்று வரவில்லை என்று எழுதுங்கள். அதிகாரி கருணை காட்டவில்லை, நிலத்துக்கு வந்து பார்த்தார். அப்பாவை உத்தமராக்க வேண்டாம். அவர் புகை பிடித்தார், ஆறு மாவை உழுதார். சிலும்பியை ஒளித்துக் காரியத்தைக் கெடுத்ததும், கச்சேரியில் வாயைத் திறந்து கெட்டதைச் சரிசெய்ததும் அவருடைய மகன். அந்த மகன் நான் என்று போடுங்கள். பாலத்துக் கல்லில் விட்டதுபோல் இதிலும் விட்டால், அச்சாபீஸ் வாசலில் வந்து உட்காருவேன்.