ஆறரை வலியும் ஒன்றரை ஆளும்

டொரொண்டோவில் நர்ஸ் வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றுவதில்லை. அதன்மேல் நீலப் பை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார். குடலிறக்க அறுவைக்குப் பின் என்னை வீட்டுச் சிகிச்சையில் சேர்க்க வந்தவரும் அப்படித்தான் வந்தார். முப்பத்தெட்டுக் கேள்விகள். வலி பத்துக்கு எத்தனை என்றார். ஆறரை என்றேன். கணினியில் அரை போட முடியாதாம். ஆறா ஏழா என்று நான் நான்கு நிமிடம் கண்ணை மூடி யோசித்ததில், பாவம் துடிக்கிறார் என்று நினைத்து ஒன்பது போட்டுவிட்டார்.

சென்ற வாரம் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் அதே சடங்கு, என் மனைவி சரோஜாவுக்கு. முழங்கால் மூட்டு மாற்றியிருக்கிறார்கள். கனடாக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவள் இங்கேயே தங்கிவிட்டாள். நான் நிரந்தரவாசி அட்டை பறிபோகாமலிருக்க, நாட்களை எண்ணிக்கொண்டு மகனோடு அங்கே இருக்கிறேன். இப்போது அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறேன்; அன்றைக்குத் திரும்பும் விமானத்துக்குப் பத்தொன்பது நாள். அதற்குள் வீட்டுச் சிகிச்சைச் சேவையில் சேர்க்காவிட்டால் அவளைக் குளிப்பாட்டக்கூட ஆளில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து நர்ஸ் ஜெயந்தி வந்தார். செருப்பை வாசலில் விட்டார், உட்கார்ந்தார், படிவத்தை விரித்தார். நோயாளியைக் காணோம். சமையலறையில் டபரா சத்தம். வாக்கரை மூலையில் நிறுத்திவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் காபியோடு வந்தாள் நோயாளி.

"நல்லாத்தான நடக்கறீங்கம்மா! அப்புறம் நாங்க எதுக்கு?" என்றார் ஜெயந்தி.

"வீட்டுக்கு வந்தவங்கள சும்மா அனுப்ப முடியுமா? சக்கரை போதுமா பாரும்மா."

"வலி பத்துக்கு எவ்ளோ இருக்கும்?"

"அது கெடக்கு. நீ சாப்ட்டியா?"

'உதவியின்றி நடக்கிறார்' என்று எழுதிவிட்டார் ஜெயந்தி. அந்த வரி இருந்தால் சேவை கிடைக்காது என்று நான் குறுக்கிட்டேன்.

"சிஸ்டர், அத அடிங்க! அடுப்புலேர்ந்து இங்க பதினோரு அடி. நாலு எடத்துல செவுத்தப் புடிச்சா, ரெண்டு தரம் உதட்டக் கடிச்சா. பாதி காபி டபராவுல இருக்கு, பாருங்க!"

"வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காதீங்க," என்றாள் சரோஜா. ஆனால் உட்காரவில்லை. முழங்கால் மடங்கவில்லை. ஜெயந்தி எழுந்துபோய் அவளைத் தாங்கி உட்கார வைத்தார். பிறகு அந்த வரியை அடித்தார்.

"சரி, வீட்ல மொத்தம் எத்தன பேரு?"

"ரெண்டு" என்றேன் நான். அதே மூச்சில் "ஒண்ணு" என்றாள் அவள்.

"இன்னா சார், ஒரு முடிவுக்கு வாங்க."

மாடிப்படி முதல் மாத்திரை வரை எண்ணி வைத்திருக்கும் நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை.

ஜெயந்தி டபராவில் இருந்த காபியையும் குடித்து முடித்தார். பிறகு கட்டத்துக்குள் பேனாவால் 'ஒன்றரை' என்று எழுதி, சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட்டார். இந்த ஊர்க் கட்டத்தில் அரை எண்ணுக்கும் இடமிருந்தது.