சவரிமுத்து வைத்தியரின் சட்டம்

போன சனிக்கிழமை தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். கழுத்து திரும்பவில்லை! திங்கட்கிழமை பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். கரும்பலகையைப் பார்த்தால் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பிள்ளைகளைப் பார்த்தால் கரும்பலகையை... டீச்சர் வேலைக்கு இது ஆகுமா?

ஆவூர்ப் பக்கம் சுளுக்கு எடுக்கும் சவரிமுத்துவிடம் ஓடினேன். மனிதர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"கூட யாரும் வரலீங்களா?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப தொட மாட்டேங்க. பொம்பளையாளுன்னா வீட்டு ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். அவரு கையைப் புடிச்சுக்கங்க. வலி பொறுக்கலைன்னா அழுத்துங்க. அவரு 'நிறுத்து'ன்னா நான் கையை எடுத்துருவேன். எங்கய்யா காலத்துலேருந்து இதான் சட்டம்."

"ஏன், நானே சொல்ல மாட்டேனா?"

"கழுத்துல கை இருக்கையில நெறையப் பேருக்குப் பேச்சு வராதுங்க."

நியாயம்தான். ஆனால் வீட்டு ஆள் என்றால் என் வீட்டுக்காரர்தான் — அவரோ மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. ஏன்? சென்ற இதழில் இதே இடத்தில் அவருடைய குறட்டையைப் பற்றி எழுதித் தொலைத்தேன். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். அவருடைய ஆபீஸில் அவர் தலையைக் கண்டாலே குறட்டை விட்டுக் காட்டுகிறார்களாம்.

வேறு வழி? வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாய் திறக்காமல் சைக்கிளை எடுத்தார்.

வைத்தியர் விரல் வைத்தாரோ இல்லையோ, "நிறுத்துங்க!" என்று அலறினார் என்னவர். நான் அழுத்தவே இல்லை! வைத்தியர் உடனே கையை எடுத்துவிட்டார். மறுபடியும் வைத்தார் — மறுபடியும் "நிறுத்துங்க!" மூன்றாம் முறை நான்தான் அவரை அதட்டி அடக்கினேன்.

மளுக்! கழுத்து திரும்பியது. முதலில் கண்ணில் பட்டது என்னவர் முகம்தான். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கிளம்பும்போது கேட்டேன்: "எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கூட இங்க வந்தாங்களாமே... அவங்களுக்கு என்ன சுளுக்கு?"

"வந்தவுக கதை இந்த வாசலைத் தாண்டாதுங்க."

என்னவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சுளுக்கே தேவலை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டருக்கு எல்லாப் பக்கமும் திரும்பிக் காட்டியாயிற்று. ஆனால் மனசு கேட்கவில்லை. ஊரார் கழுத்தைத் தொடுகிறவருக்கு இத்தனை சட்டம். ஊரார் முன்னால் வீட்டுக்காரர் மானத்தைத் தொடுகிற எனக்கு ஒன்றுகூடவா இல்லை?

அதனால் இதை அனுப்பும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டே இரண்டு வரி வந்தபோது மட்டும் "நிறுத்து" என்றார். அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டேன்.

அதில் என்ன இருந்ததா? வாசலைத் தாண்டாதுங்க!