விடுதலைக் கடிதம்

எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் மாமாவும் ஊரில் நடந்த போருக்குள் பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர்கள். ஆகவே அந்த வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் தெரியாத சொல்லுக்குக்கூடத் தயங்காமல் பொருள் சொல்லிவிடுவேன்.

மாமா அம்மாவின் தம்பி. நாங்கள் வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில், எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்தார். வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கியவர், கூட வேலை செய்த பிஜிக்காரர்களோடு சனிக்கிழமைகளில் ரக்பி விளையாடப் போனார். நகரத்தில் புதிதாக ஒரு ரக்பி லீக் அணி தொடங்கியபோது அதில் சம்பளத்துக்கே சேர்ந்து, பெட்டி தூக்குவதை விட்டுவிட்டார்.

"தம்பி இப்ப புரொபெஷனல்" என்று அம்மா கடையில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

"டொக்டரோ, எஞ்சினியரோ?"

"பந்து."

அந்த விளையாட்டு எனக்கு விளங்கவே இல்லை. எல்லோரும் முன்னால் ஓடுகிறார்கள், பந்தை மட்டும் பின்னால் எறிகிறார்கள். மாமா காது கிழிந்து வந்த நாளில் அம்மா கத்தினார்.

"உதென்ன வேலை? அடி வாங்கச் சம்பளமோ?"

"ஓம் அக்கா. முந்திச் சும்மாவெல்லே வாங்கினனான்."

இரண்டாவது வருடம் மாமாவின் தோள் விலகியது. அடுத்த வருடமும் அணியில் வைத்திருப்பார்களா என்று தெரியாமல், கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டிக்கொண்டு தினமும் தபால்பெட்டியைப் பார்த்தார். ஒரு மத்தியானம் கடிதம் வந்தது. அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் நின்று நான் உரக்க வாசித்தேன்.

"மாமாவை விடுதலை செய்யினமாம்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. போர் முடிந்தபோது மாமாவைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அவரை விடுதலை செய்த கடிதத்தை அம்மா இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். இப்போதும் அதே சொல். அம்மா அழுதபடியே ரவையை வறுக்கத் தொடங்கினார்.

மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இங்கிலீசில என்ன சொல் போட்டிருக்கு, பிள்ளை?"

"ரிலீஸ்ட்."

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"நன்றி எண்டும் எழுதியிருக்கு."

அம்மா சுடச்சுடக் கேசரியை நீட்டினார். "இனி ஒருத்தரும் உனக்கு அடிக்க மாட்டினம், தம்பி."

"ஓம் அக்கா" என்று இடது கையால் கரண்டி பிடித்து முழுவதையும் சாப்பிட்டார். புதுக் கடிதத்தை அம்மா பழையதோடு ஒரே உறைக்குள் வைத்தபோதும் அவர் தடுக்கவில்லை.

அணியிலிருந்து ஒருவரை நிறுத்துவதற்கும் அந்த ஆங்கிலச் சொல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னேரம் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன். மாமா தன் ரக்பிச் சப்பாத்தின் அடியில் காய்ந்திருந்த மண்ணைக் கரண்டிக் காம்பால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நான் வடிவா வாசிச்சனானோ, மாமா?"

"நல்ல வடிவா வாசிச்சாய்."

விடுதலை கிடைத்த மனிதர் அந்தச் சப்பாத்தை ஏன் அவ்வளவு கவனமாகத் துப்புரவாக்குகிறார் என்று யோசித்தபடியே, இன்னொரு கிண்ணம் கேசரி கேட்க நான் மேலே ஓடினேன்.