அருள்மேரி மேடத்தின் நண்டுச் சாப்பாடு

எங்கள் கடலோர மின்பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் நல்ல செய்தி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பீடர் போய்விட்டது, கம்பம் சாய்ந்துவிட்டது, டிரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய் ஒழுகுகிறது என்றுதான் வரும். சென்ற மாதம் ஒரு காலையில் செல்பேசி விடாமல் சத்தம் போட்டபோது, பழவேற்காட்டுப் பக்கம் காற்று பலம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். "நம்ம அருள்மேரி மேடம் போய்ட்டாங்க" என்று ஒரே வரி. அதற்குக் கீழே வேதாரண்யம், கடலூர், ராமேஸ்வரம் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிக்கொண்டே போனார்கள். இவர்களெல்லாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியதே அவரால்தான். நான் மீஞ்சூரில் வீட்டு வாசலில் ஒரு கால் செருப்போடு வெகுநேரம் நின்றிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருள்மேரி மேடம் பழவேற்காட்டில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். அவருடைய நைனா ஏரியில் இறங்கி வெறுங்கையால் நண்டு பிடித்தவர். நானும் அவரும் ஒரே பதவியில் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளில் வேலை பார்த்தோம், நிறையச் சண்டை போட்டோம். பெரும்பாலும் அவர்தான் ஜெயித்தார் என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு நஷ்டமில்லை.

எங்கள் துறையில் பயிற்சிக் கருத்தரங்கு என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நகரத்தில் குளுகுளு ஓட்டல். குத்துவிளக்கு, பூங்கொத்து, திரையில் படம் படமாக ஓடும் விளக்கவுரை. இடைவேளையில் சமோசா. ஒரே கோட்டத்துக்காரர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அலுவலகத்தில் பேசிய வம்பையே அங்கேயும் பேசுவார்கள். கிளம்பும்போது ஒரு தோள்பை கொடுப்பார்கள். எனக்கு அந்தக் கூட்டங்கள் மிகவும் பிடிக்கும். மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் உண்டு. அவருடைய பிரிவில் ஒரு லைன்மேன் இரும்புக் கம்பத்தில் ஏறினார். மேலே பார்க்க நல்ல கம்பம். மண்ணுக்குள் இருந்த அடிப்பாகத்தை உப்பு முழுவதுமாகத் தின்றிருந்தது. கம்பம் ஆளோடு சாய்ந்தது. துக்கம் கேட்கப் போன இடத்தில், தெற்கே இதே வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், தங்கள் பக்கத்தில் முன்பே இப்படி ஒருவர் போனதையும், அதன் பிறகு அடியைத் தோண்டிப் பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். மேடம் அங்கிருந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "அங்க நடந்தது இங்க தெரியல சார். தெரிஞ்சிருந்தா இவன் இன்னிக்கு டீ குடிச்சுக்கினு இருப்பான்" என்றார். அழுதுகொண்டே சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஆண்டே பழவேற்காடு கூட்டம் தொடங்கிவிட்டது. கடலோர ஊர்களிலிருந்து பொறியாளர்களும் லைன்மேன்களும் சேர்ந்து வரவேண்டும். நெஞ்சில் குத்தும் அட்டையில் பெயரும் ஊரும் மட்டும்தான், பதவி கிடையாது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து உட்காரக் கூடாது. மதியச் சாப்பாடு நண்டு.

"இன்னாத்துக்கு மேடம் நண்டு? பிரியாணி போட்டா வேலை சுலபம் இல்ல?" என்று கேட்டேன்.

"பிரியாணின்னா ஒரு கையால தின்னுட்டு இன்னொரு கையில போனை நோண்டுவாங்க. நண்டுக்கு ரெண்டு கையும் வேணும். சீக்கிரம் எழுந்திருக்கவும் முடியாது. பக்கத்துல உக்காந்தவன்கிட்ட பேசாம இன்னா பண்ணுவான்?"

நான் சைவம், எனக்குக் கவலையில்லை என்று சிரித்தேன். கூட்டத்தன்று சைவப் பந்தியில் முருங்கைக்காய்ச் சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் கூட்டு. எதிரே ராமேஸ்வரத்துக்காரர் ஒருவரும் என்னைப் போலவே சக்கையைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் இன்சுலேட்டர்களை எப்போது கழுவ வேண்டும் என்று அவர் சொன்னதை இன்றுவரை எங்கள் பிரிவில் கடைப்பிடிக்கிறோம். மேடம் குழம்பு வாளியோடு எங்களைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சாமர்த்தியம் போதாது.

காலையில் வகுப்பு தொடங்குமுன் எல்லோரையும் டச்சுக் கல்லறைக்கு நடத்திக்கொண்டு போவார். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "நம்ம டேஞ்சர் போர்டை இவங்க அப்பவே மாட்டிட்டாங்க. வாங்க, கிளாஸுக்கு நேரமாச்சு" என்பார். அவ்வளவுதான் தொடக்க உரை.

இரண்டாவது கூட்டத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி சொல்லாமல் வந்தார். லைன்மேன்களோடு சேர்ந்து இதென்ன விருந்து, நகரத்துக்கே மாற்றிவிடலாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார். மேடம் அசரவில்லை. அவருக்கும் பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் குத்தி, காட்டூர் ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். ஏகாம்பரம் மேடத்தின் பிரிவில் லைன்மேன். அவருக்கு ஆள் யார் என்று தெரியாது.

"அண்ணே, கொடுக்கைப் பல்லால கடிக்காதீங்க, பல்லு பூடும். கல்லால தட்டுங்க. எந்த செக்ஷன் நீங்க? புதுசா?"

அதிகாரி, ஏகாம்பரம் நீட்டிய கல்லை வாங்கிக்கொண்டார். "ஆமாப்பா, இங்க நான் புதுசுதான்" என்றார். கூட்டத்தை நகரத்துக்கு மாற்றும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அதே பந்தியில் ஏகாம்பரத்துக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் வேதாரண்யத்துச் செல்வம். கம்பியில் வேலை செய்வதற்கு முன் சப்ளையை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்குவோம். பிறகு எர்த் ராடு என்ற கம்பியால் லைனைத் தரையோடு இணைப்போம், மிச்சம் மீதி மின்சாரம் இருந்தால் மண்ணுக்குள் போய்விடும். அவசரத்தில் சப்ளை வருகிற பக்கம் மட்டும் ராடு போட்டுவிட்டு ஏறுகிறவர்கள் உண்டு. செல்வத்தின் கூட்டாளி ஒருவர் அப்படி ஏறியபோது, ஓர் இறால் பண்ணையின் ஜெனரேட்டர் மின்சாரம் எதிர்ப்பக்கமிருந்து லைனுக்குள் வந்துவிட்டது. செல்வம் நண்டை உடைத்துக்கொண்டே ஆரம்பித்து, உடைப்பதை நிறுத்திவிட்டுத்தான் அதைச் சொல்லி முடித்தாராம்.

பிறகு ஒரு புயல் வந்தது. ஏரிக்கரைக் குப்பங்களெல்லாம் இருட்டில் கிடந்தன. மீனைக் காப்பாற்ற ஓர் ஐஸ் கம்பெனியில் ஜெனரேட்டரை அவசரமாக மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். அறுந்த கம்பியைக் கட்ட ஏகாம்பரம் போனார். லைன் கிளியர் வாங்கியாகிவிட்டது. ஒரு பக்கம் ராடு போட்டாகிவிட்டது. ஏறப் போனவர், செல்வம் சொன்னது நினைவுக்கு வர, மறுபக்கமும் போடுவோம் என்று ராடைத் தூக்கி மாட்டியிருக்கிறார். பளீரென்று நெருப்பு பறந்தது. ஜெனரேட்டர் நின்றுபோனது. ஏகாம்பரம் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். முதலில் மேடத்தைக் கூப்பிட்டார். அடுத்து வேதாரண்யத்துச் செல்வத்தை.

அன்றிலிருந்து மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். யார் ஏறினாலும் ஏறுமுன் அவரைக் கூப்பிட வேண்டும். "ரெண்டு பக்கமும் போட்டாச்சா?" என்று கேட்பார். இறங்கிய பிறகு "இறங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை சாப்பிட்டு முடித்திருந்தாலும் கையைக் கழுவ மாட்டார், செல்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பின்பும் அழைப்புகள் நிற்கவில்லை. "மேடம், உங்களுக்கு எதுக்கு இன்னும் இந்த ரோதனை?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆபீஸ்லதான் சார் ரிட்டயர் ஆனேன்" என்றார். நோயில் படுத்திருந்த கடைசி நாட்களிலும், குரல் எழும்பாதபோது மகளைக் கேட்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அடக்கத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தெற்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஏகாம்பரத்தை மட்டும் காணவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது என் சட்டைப்பையில் செல்பேசி அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒதுங்கிப் போய் எடுத்தேன்.

"சார், மேடத்தை எறக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல ஏகாம்பரம். நீ எங்க இருக்கே?"

"அக்கரைக் குப்பத்துல லைன் அறுந்துடுச்சு சார். ஜனம் கரண்ட் இல்லாம கெடக்குது, வுட்டுட்டு வர முடியல. கம்பத்தாண்ட நிக்கிறேன், ஏறப் போறேன். ரெண்டு பக்கமும் ராடு போட்டாச்சு. மேடம் கேப்பாங்க. சொல்லிடு சார்."

மண் போட என் முறை வந்தபோது நான் குனிந்து, "போட்டாச்சாம் மேடம்" என்றேன். பக்கத்தில் நின்ற செல்வத்துக்கு மட்டும் அது புரிந்தது. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த ஆண்டுக் கூட்டம் வழக்கம்போல் பழவேற்காட்டில்தான். நண்டுக்குக் குப்பத்துப் பெண்களிடம் சொல்லியாகிவிட்டது. எனக்கு முருங்கைக்காய். அட்டையில் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும். இவையெல்லாம் நம் எல்லோருக்குமாக அவர் விட்டுப் போனவை. எனக்கென்று அவரிடமிருந்து வந்தது வேறு. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை மீஞ்சூரில் இறக்கிவிடவிருந்த வேன்காரர் கிளம்பலாமா என்று இருமுறை கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்றேன். வெயில் தாழ்ந்த பிறகு அது அடித்தது.

"இறங்கிட்டேன் சார்."

அந்த அழைப்பு இப்போது எனக்குத்தான் வருகிறது.