பனியில் ஒரு பன்றிக்குட்டி

இன்று போட்டாதாங் கடைத்தெருவில் பழைய புத்தகக் கடை மாரி அண்ணன் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி கேட்ட பன்னி கார்டு வந்திருக்குப்பா. எடுத்து வச்சிருக்கேன்."

எந்த நாட்டுப் புத்தாண்டு வாழ்த்து அட்டையோ. கொட்டும் பனியில் ஒரு பன்றிக்குட்டி சறுக்குவண்டி இழுக்கிறது. என் தங்கை தேவி இப்படிப்பட்ட பழைய அட்டைகளைத்தான் சேர்த்தாள். அவள் பனியை நேரில் பார்த்ததே இல்லை.

"எங்க, ஆளையே காணோம்?"

"போன மாசம் டெங்குல இறந்துட்டா, அண்ணே."

அவர் அட்டையை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

பேருந்தில் அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். பன்றிப் படத்துக்கு அழும் ஆளைப் பார்த்து பக்கத்துச் சீட்டுக்காரர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பன்றிக்கும் தேவி ஒரு பெயர் வைப்பாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், சிரிப்பு வருகிற பெயராக.