நெய்க்கடைப் படத்தில் இரண்டாவது தலை

ஒரே காட்சியின் இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதுதான் எங்கள் இருவரின் ஆராய்ச்சியும். ஒரு படத்தில் கிட்டத்தில் இருப்பது தெளிவாக இருக்கும், மற்றதில் தூரத்தில் இருப்பது. சேர்த்தபின் எல்லாமே தெளிவாக வேண்டும். இருவருக்கும் ஒரே கைடு. நான் ஓராண்டு மூத்தவள், சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் திருச்செங்கோட்டுப் பக்கம், தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண். கருத்தரங்குக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்று கைடு சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செய்முறை இருவருக்கும் ஒன்றுதான். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். கோடு, விளிம்பு, புள்ளி என்று துணுக்குகள் அடங்கிய அகராதி ஒன்று இருக்கும். அதிலிருந்து மிகச் சிலவற்றை மட்டும் எடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் ஆக்க வேண்டும். அஞ்சறைப் பெட்டி நிறையச் சாமான் இருந்தாலும் ரசத்துக்கு நாலைந்துதானே போடுகிறோம், அந்த மாதிரி. ஒரே இடத்துக் கட்டம் இரண்டு படத்திலும் இருக்கும். எதில் துணுக்குகளின் எடை அதிகமோ, அதாவது கோடும் விளிம்பும் எதில் அழுத்தமோ, அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம்.

என் அகராதி இணையத்தில் கிடைத்த படங்களில் பிறந்தது. அவளோ லாரி, கரும்பு, கடைப்பலகை என்று தானே சுற்றி எடுத்த படங்களிலிருந்து ஆக்கினாள். ராசிபுரம் நெய்க்கடையில் அவள் எடுத்த இரண்டு படங்கள் சேர்ந்து வந்தபோது, முன்னால் இருந்த நெய்த் தூக்குச்சட்டியின் கீறலும் தெரிந்தது, பின்னால் நின்ற பஸ்ஸின் ஊர்ப்பலகையும் தெரிந்தது. அதே இரண்டையும் என் அகராதி சேர்த்த படத்தில் பலகை பலகையாகவே இல்லை. நன்றாயிருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினேன்.

கிடைத்தது. தூரத்தில் வெள்ளைச் சுவர் ஓரமாக நின்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு தலை. ஒன்று நேராக, தெளிவாக. இன்னொன்று பக்கவாட்டில் நீண்டு, ஆவிபோல் மங்கலாக. முகம் யாருடையது என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. நேரே கைடின் அறைக்குப் போய், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். யாரம்மா இது என்று கேட்டார்.

அவள் தயங்கினாள். "அது அக்காதானுங்க சார். ஆடாம நில்லுங்கன்னுதான் சொன்னேன். போன்ல நான் என்ன செட்டிங் வெக்கறேன்னு எட்டிப் பாத்துட்டாங்க போலிருக்குதுங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தூரத்தில் ஆள் வேண்டும் என்று அன்று என்னைத்தான் நிற்கவைத்திருந்தாள். கிட்டத்தை மட்டும் தெளிவாக எடுத்த முதல் படத்தில் நான் மங்கலாகக் கழுத்தை நீட்டியிருக்கிறேன். இரண்டாவதில் நேராக நின்றுவிட்டேன், கழுத்து நீண்ட இடத்தில் வெறும் சுவர். வெறும் சுவருக்கு எடை ஏது? நீண்ட தலை ஜெயித்துவிட்டது.

கைடு சிரிக்கவில்லை. இந்தப் படத்தைத் தூக்கிப் போடாதே, இரண்டு படத்துக்கும் நடுவே ஆள் அசைந்தால் என்ன செய்வது என்று பார், அதையே கருத்தரங்கில் பேசு என்று அவளிடம் சொன்னார்.

அவள்தான் போனாள். இன்று அது அவள் ஆய்வேட்டில் தனி அத்தியாயம். என் கழுத்தை வைத்து ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறாள். அதுவும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், பாவி.